அத்திவாரத்துக் கழுகு

"மாஸ்ரர், நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அதைப் பொக்கற்றுக்கை போட்டிட்டுப் பேசாமல் போய்த் தேத்தண்ணியைக் குடியுங்கோ. நாங்களும் ஒண்டும் காணேல்லை" என்றார் மேசன் சில்வெஸ்ரர்.

மார்க்கண்டுவின் காதில் அது விழவில்லை. அவருடைய உள்ளங்கையில் ஒரு காசு இருந்தது. புதுக் குசினிக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்த யாகப்புவின் மண்வெட்டியில் அகப்பட்டு, சுண்ணாம்புச் சேற்றைப் பூசிக்கொண்டு வெளியே வந்த காசு. கட்டைவிரலால் ஒரு பக்கத்தைத் தேய்த்தார். இலைமாலை சூடிய ஒரு தலை தெரிந்தது. மறுபக்கத்தைத் தேய்த்தார். ஒரு பறவையின் சிறகு.

"ரோமன்" என்றார். திரும்பவும் சொன்னார். "ரோமன் காசு, சில்வெஸ்ரர்! என்ரை காணியிலை!"

"அதைத்தான் நானும் சொல்லுறன். உங்கடை காணியிலை. வெளியிலை தெரிஞ்சால் வேலை நிண்டுபோம்."

கிணற்றடியில் தறப்பாள் கட்டி, அதன் கீழே மூன்று கல்லு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி அம்பிகை அகப்பையோடு எழும்பி வந்தார். பழைய குசினியைப் போன கிழமைதான் இடித்திருந்தார்கள். கூரை ஒழுகி, சுவர் வெடித்து, கறையான் ஏறிய அந்தக் குசினிக்குப் பதிலாக ஒன்று கட்டித் தரும்படி அவர் கேட்கத் தொடங்கியபோது மகள் பிரியதர்சினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் கனடாவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மார்கழி நத்தார் விடுமுறைக்குக் குடும்பமாக வருகிறாள்.

"என்னப்பா அது?" என்றார் அம்பிகை.

"சரித்திரம்."

"அது குசினிக்குப் பிறகு வரட்டும்."

மார்க்கண்டு ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒரு சிறிய தபாற்கந்தோரின் தபாலதிபர். வீடு கரம்பொன்னில். முத்திரை வாங்க வருகிறவர்கள் முத்திரையோடு மட்டும் திரும்பிப் போனது குறைவு. அந்தக் காலத்தில் மாதோட்டத் துறைமுகத்துக்கு வந்த மேற்கு நாட்டுக் கப்பல்கள் காற்றுக்கு ஒதுங்கி எங்கே நின்றிருக்கும் என்று அவர் கேட்பார். பதிலையும் அவரே சொல்லுவார்: ஊர்காவற்றுறைத் துறையில்தான். கந்தரோடையில் ரோமன் காசு வந்திருக்கிறது, மாதோட்டத்தில் வந்திருக்கிறது, அப்படியானால் நடுவிலே இருக்கிற எங்கள் தீவில் ஏன் வரக்கூடாது? அத்தாட்சி என்று காட்ட அவரிடம் ஓர் ஓட்டுத்துண்டும் இருக்கவில்லை. சனம் தலையை ஆட்டிவிட்டுக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகும்.

அத்தாட்சி கிடைக்காத குறையை அவர் வேறு வழியில் தீர்த்துக்கொண்டார். வெளிநாட்டு வியாபாரிகளிடமிருந்து பதிவுத் தபாலில் ரோமன் காசு விலைக்கு எடுத்தார். ரோமாபுரியிலேயே அடித்த பொன்னும் வெள்ளியும் பணக்காரர் சேர்ப்பது. மார்க்கண்டு சேர்த்தது மாகாணக் காசுகளை. அந்தியோக்கியா, எபேசு, அலெக்சாந்திரியா என்று பேரரசின் கிழக்கு நகரங்கள் தங்கள் பாட்டில் அடித்த காசுகள். ஒரு பக்கத்தில் பேரரசன் தலை இருக்கும், அதை விடமுடியாது. மறுபக்கத்தில் அந்தந்த ஊர் தன்னுடைய கோயிலையோ ஆற்றையோ பாம்பையோ போட்டுக்கொள்ளும். எழுத்தும் லத்தீன் அல்ல, பெரும்பாலும் கிரேக்கம். "ஒரு பக்கம் கொழும்பு, மற்றப் பக்கம் கரம்பொன். அந்த மாதிரி" என்று அவர் விளக்குவார்.

அப்படிப்பட்ட மனுசனிடம் பேசாமல் இரு என்றால் நடக்குமா? மத்தியானத்துக்கு முதலே அவர் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து, தொல்பொருள் பகுதிக்கு விசயத்தைச் சொல்லிவிட்டார்.

"நிலத்துக்குள்ளை வந்தது அரசாங்கத்துக்குச் சொந்தம். ஒளிச்சால் குற்றம்" என்று சில்வெஸ்ரருக்கு விளங்கப்படுத்தினார்.

சில்வெஸ்ரர் சாந்தகப்பையைக் கழுவிப் பனையோலை உமலுக்குள் வைத்தார். யாகப்பு வெற்றிலையைத் துப்பிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டார். எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த அந்த மனுசன் ஒரு நாளைக்கு நாலு சொல்லுக்கு மேல் பேசமாட்டார். அன்றைக்கு அந்த நாலும் மிச்சம்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். ஹம்சத்வனி என்று பெயர். பிரியதர்சினியின் வயதுதான் இருக்கும். வெயிலுக்குத் தொப்பி, கையில் சின்னப் பெட்டி. காசைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. அதை ஒரு சிறிய பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு எழுதி ஒட்டினார். பிறகு அத்திவாரக் குழியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டுவித்தார்.

"இனி ஒரு பிடி மண்ணும் அசையக்கூடாது ஐயா. அனுமதி எடுத்து, முறையாக் கிண்டிப் பாப்பம்."

"எவ்வளவு நாள் எண்டாலும் எடுங்கோ, மிஸ்!" என்றார் மார்க்கண்டு.

தறப்பாளுக்குக் கீழேயிருந்து ஒரு சட்டி கொஞ்சம் பலமாக வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

ஹம்சத்வனியை முன் விறாந்தையில் கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்தார். தன்னிடமும் அலெக்சாந்திரியாக் காசு ஒன்று, கழுகு போட்டது, இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எவ்வளவு வடிவாக இருக்கும்!

"ஒரு நிமிசம் மிஸ். ஒரு சாமான் காட்டுறன்."

அறைக்குள் போய் அலுமாரிக்குப் பின்னால் இருந்த பிஸ்கற் ரின்னை இழுத்தெடுத்துத் திறந்தார். கழுகுக் காசு இருக்கவேண்டிய சின்னக் கடதாசி உறை அங்கே இருந்தது. உறைக்குள் ஒன்றும் இல்லை.

மார்க்கண்டு கட்டிலில் இருந்தார். நாலு நாளைக்கு முதல், அத்திவாரத்துக்கு நூல் கட்டி வெட்டத் தொடங்கின அன்று, அந்தக் காசைச் சட்டைப் பொக்கற்றில் கொண்டுபோய்ச் சில்வெஸ்ரருக்குக் காட்டினது நினைவு வந்தது. பிறகு குழி நேராக வருகிறதா என்று குனிந்து பார்த்ததும் நினைவு வந்தது. திரும்ப எடுத்து வைத்தது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

வெளியே வந்தபோது அவருடைய கையில் ஒரு தட்டு இருந்தது.

"பிஸ்கற்" என்றார்.

"ஐயோ, எதுக்கு ஐயா இவ்வளவு கரைச்சல்?" என்று ஹம்சத்வனி ஒன்றை எடுத்துக் கடித்தார்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் நாளே கந்தோரில் மூன்று பேருக்கும், கோயில் வாசலில் ஐயருக்கும், கனடாவில் மகளுக்கும் அவர் விசயத்தைச் சொல்லியிருந்தார். ரோமர் கரம்பொன்னுக்கு வந்தார்கள் என்று சொன்ன வாயால், வந்தது என்னுடைய சட்டைப் பொக்கற்றிலிருந்துதான் என்று எப்படிச் சொல்வது? ஆகவே வேறு வழி பார்த்தார்.

"மிஸ், ஒரு விசயம் சொல்ல மறந்திட்டன். எங்கடை காணி பள்ளம். போன வருசம் நாரந்தனையிலையிருந்து லோட் லோட்டா மண் கொண்டுவந்து போட்டனாங்கள். காசு அந்த மண்ணோடை வந்திருக்கும். அப்ப, இந்தக் காணியைக் கட்டி வைச்சிருக்கத் தேவையில்லைத்தானே?"

மண் போட்டது உண்மை. அதனால் பொய் சொன்னதாகவும் அவருக்குப் படவில்லை.

ஹம்சத்வனி பேனையை எடுத்தார். "அது ஆரின்ரை காணி, ஐயா?"

மறுநாள் பின்னேரம் அம்பிகையின் தம்பி நிசாந்தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினபாடில்லை, அதற்குள் கத்தத் தொடங்கிவிட்டான். நாரந்தனைக் காணி அவனுடையது. அதில் கடை கட்ட அவனும் அத்திவாரம் வெட்டி வைத்திருந்தான்.

"அத்தான், என்ரை கடைக்குள்ளை ஏன் ரோமாபுரியைக் கொண்டுவந்து விட்டனீங்கள்? நேற்றுப் பின்னேரமே வந்து மஞ்சள் நாடா கட்டிப்போட்டுப் போயிட்டினம்! கம்பி எல்லாம் வெளியிலை கிடந்து கறள் பிடிக்குது!"

"அப்ப இஞ்சத்தை நாடாவைக் கழட்டப் போகினமோ?" என்று மார்க்கண்டு ஆவலாகக் கேட்டார்.

"ஆர் சொன்னது? ரெண்டு இடத்தையும் ஒண்டாக் கிண்டிப் பாக்கப் போகினமாம்!"

அம்பிகை தம்பியைப் பார்த்தார், புருசனைப் பார்த்தார். "மண்கதை ஆர் அவைக்குச் சொன்னது?" என்றார்.

மார்க்கண்டு தபாற்கந்தோரில் அவசரமான அலுவல் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பௌர்ணமிப் போயா விடுமுறை. அது வாசலுக்குப் போனபிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

பூட்டின வாசலில் நின்றுகொண்டே ஹம்சத்வனிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மிஸ், வடிவா யோசிச்சுப் பாத்தன். அது பழைய காசா இருக்காது. திருவிழாக் கடையிலை பிள்ளையளுக்கு விக்கிற விளையாட்டுக் காசா இருக்கும். உங்களை வீணா அலைக்கழிச்சுப் போட்டன். அதை எறிஞ்சு விடுங்கோ."

மறுபக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எறியிறதோ! நானே எடுக்கவேணுமெண்டு இருந்தனான் ஐயா. சேறு கழுவிப் பாத்திட்டம். அசல் காசு. புரோபஸ் பேரரசன், அலெக்சாந்திரியாவிலை அடிச்சது. உங்களுக்குத் தெரியுமோ, எகிப்துக் காசு எகிப்துக்குள்ளைதான் புழங்கினது. வெளியிலை இருந்து வாற வியாபாரியும் தன்ரை காசை மாத்தித்தான் உள்ளுக்கை போகவேணும். உந்தக் காசை வெளியிலை கொண்டுபோய் ஒரு பிரயோசனமும் இல்லை. அப்பிடிப்பட்டது உங்கடை குசினியிலை வந்திருக்கெண்டால், இது பெரிய விசயம்!"

மார்க்கண்டுவுக்கு அது நன்றாகத் தெரியும். அதே கதையை முத்திரை வாங்க வந்த எத்தனையோ பேருக்கு அவர் சொல்லியிருக்கிறார்.

"அதாலை எல்லையைக் கொஞ்சம் அகட்டப் போறம்" என்றார் ஹம்சத்வனி.

அகட்டினார்கள். நாடா கிணற்றையும் தறப்பாளையும் உள்ளே வைத்துக்கொண்டு, வேலியோரம் வரை போய்த் திரும்பியது. தண்ணீர் அள்ளப் போகலாம், அடுப்பு மூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்பிகை மூன்று கல்லையும் தூக்கிக்கொண்டு முன்பக்கப் படலையடிக்கு வந்தார். தெருவால் போகிற வருகிற சனமெல்லாம் இன்றைக்கு என்ன கறி என்று எட்டிப் பார்த்தது. ஐப்பசி மழை வேறு தொடங்கியது. முதல் மழையில் புட்டு கூழானது. இரண்டாவது மழையில் அடுப்பு நூர்ந்தது. அம்பிகை ஒரு சொல்லும் பேசவில்லை. நனைந்த விறகை ஒவ்வொன்றாக எடுத்து விறாந்தையில், மார்க்கண்டுவின் சாய்மனைக் கதிரையில் அடுக்கினார்.

பேசாமல் இருந்ததுதான் மார்க்கண்டுவைக் கொன்றது. ஏசியிருந்தால் இன்னும் இரண்டு கிழமை தாக்குப்பிடித்திருப்பார்.

விறகு ஏறின மறுநாளே ஹம்சத்வனியைக் கூப்பிட்டார். அவர் வந்தபோது நிசாந்தன் நாடாவைப் பற்றிக் கேட்க வந்து நின்றான். வேலை தொடங்குமா என்று பார்க்கச் சில்வெஸ்ரரும் யாகப்புவும் வந்து நின்றார்கள். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துச் சொல்ல நினைத்ததை, எல்லாரும் நிற்கும்போதே சொல்லவேண்டியதாகிவிட்டது.

"மிஸ், அந்தக் காசு என்ரை."

"காணி உங்கடைதான் ஐயா. ஆனால் சட்டப்படி..."

"காணிக்கதை இல்லை. காசே என்ரை. நான் காசு சேர்க்கிறனான். பொக்கற்றிலையிருந்து விழுந்து போச்சு."

ஹம்சத்வனி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "எனக்கு விளங்குது ஐயா. அம்மா மழைக்குள்ளை நிண்டு சமைக்கிறா. முதல்லை நாரந்தனை மண் எண்டியள். பிறகு விளையாட்டுக் காசு எண்டியள். இப்ப உங்கடை எண்டுறியள். வீடு கட்டுறவை கன பேர் எனக்கு இப்பிடிச் சொல்லியிருக்கினம்."

"சத்தியமா, மிஸ்! சில்வெஸ்ரருக்கும் காட்டினனான்!"

"அப்பிடியெண்டால் மிச்சக் காசுகளைக் காட்டுங்கோ."

மார்க்கண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மகளின் கலியாணத்துக்குப் பிறகு ஒரு காசும் எடுப்பதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அலுமாரிக்குப் பின்னால் ஒரு ரின் இருப்பது அம்பிகைக்குத் தெரியும். அது மட்டுந்தான் தெரியும்.

அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு ரின் வந்தது. அரிசிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்று வந்தது. சாமியறையில், படங்களுக்குப் பின்னாலிருந்து ஒன்று. அதோடு சரி. ஆமை போட்டது, ஆறு போட்டது, எபேசு நகரத்துத் தேனீ போட்டது என்று காசுகள் விறாந்தை மேசையை நிரப்பின.

"சாமியறையிலையுமோ?" என்றார் அம்பிகை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதற் சொல் அது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. "நான் ஓட்டைக் குசினியிலை கறையானோடை குடும்பம் நடத்த, நீங்கள் அரிசிக்குள்ளை ராசாமாரைப் படுக்க வைச்சிருக்கிறியள்! சொல்லுங்கோ, இன்னும் எங்கையெங்கை மண்ணுக்குள்ளை தாட்டு வைச்சிருக்கிறியள்? வளவுக்குள்ளை எங்கையும் கிடக்கோ? சொல்லுங்கோவன்!"

மார்க்கண்டு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சில்வெஸ்ரர் மாமரத்தைப் பார்த்தார். யாகப்பு மட்டும் மார்க்கண்டுவையே பார்த்துக்கொண்டு நின்றார். தானும் பெண்சாதிக்குப் பயந்து நடந்த மனுசன் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

கடைசியில் காரியத்தை முடித்தது, காசு விற்ற வியாபாரி அனுப்பியிருந்த படம். மார்க்கண்டுவின் கைத்தொலைபேசியில் அது இருந்தது. ஹம்சத்வனி அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். கழுகின் வாலில் ஒரு சின்ன வெட்டு. பிளாஸ்ரிக் பைக்குள் இருந்த காசை எடுத்துப் பார்த்தார். வாலில் அதே வெட்டு.

"ஓம், உங்கடைதான்" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. "எகிப்துக் காசு எப்பிடி இஞ்சை வந்தது எண்டு இரவிரவா யோசிச்சனான் ஐயா. தபாலிலை வந்திருக்கு."

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ, பிள்ளை." மிஸ் என்று கூப்பிட அப்போது அவருக்கு வாய் வரவில்லை.

"முறைக்காக ஒண்டு கேக்கிறன். இந்தக் காணியிலை வேறை ஏதாவது பழைய சாமான் எப்பவாவது வந்ததோ? ஓடு, பானைத்துண்டு, மணி?"

மார்க்கண்டு குழியைப் பார்த்தார். தண்ணீர் தேங்கி நின்றது. இந்தத் தீவுக்கு ரோமர் வந்திருக்கவேண்டும் என்று அவர் கண்ட கனவெல்லாம் இந்த ஒரு பதிலில் முடிந்துவிடும். படலையடியில் நனைந்த கல்லு மூன்று கிடந்தது.

"பிறந்து வளந்த வளவு இது. ஒண்டும் வந்ததில்லை. இனியும் வராது. ரோமர் இஞ்சை வரேல்லை" என்றார்.

ஹம்சத்வனி அதை எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினார். போகும்போது வாசலில் நின்று, "எனக்கும் ஆசையாத்தான் இருந்தது ஐயா" என்றார். நாடாக்கள் இரண்டு இடத்திலும் அன்றே கழன்றன.

அதற்குப் பிறகு சில்வெஸ்ரர் மழைக்கும் வெயிலுக்கும் நடுவில் ஓடி ஓடி வேலை செய்தார். மண் இளகிக் கிடந்ததால் மூலைத் தூண்களுக்கு ஆழமாகக் கிண்டவேண்டும் என்றார். யாகப்பு கிண்டினார். கம்பி கட்டினார்கள், கொங்கிறீற் போட்டார்கள், சீமெந்துக் கல்லு அரிந்து சுவர் எழுப்பினார்கள். மார்க்கண்டு அந்தப் பக்கமே போகவில்லை. பொக்கற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் போகவில்லை. கந்தோருக்கு வந்தவர்களுக்கு முத்திரையை மட்டும் கொடுத்தார். சனம் இதென்ன, மனுசனுக்குச் சுகமில்லையோ என்று விசாரித்தது.

மார்கழிக்கு முதலே நாள் பார்த்துப் புதுக் குசினியில் பால் காய்ச்சினார்கள். வெள்ளைச் சுவர், வழுவழுப்பான நிலம், யன்னலால் கடற்காற்று. பால் பொங்கினபோது அம்பிகையின் கண் கலங்கியது. நிசாந்தன்கூடக் கோபம் ஆறி ஒரு கேஸ் அடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். சாப்பாடு முடிந்தபின் அம்பிகை மார்க்கண்டுவைக் கூப்பிட்டு, புதிதாக அடித்த அலுமாரியின் மேல்தட்டைக் காட்டினார். மூன்று ரின்னும் அங்கே துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

"இனி ஒளிக்காதையுங்கோ. எனக்குத் தெரிய வைச்சிருங்கோ" என்றார்.

மார்க்கண்டுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ரோமர் வராவிட்டால் போகட்டும். மனுசி சிரிக்கிறாள், மகள் வரப்போகிறாள், கூரை ஒழுகாது. உண்மையைச் சொன்னதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நினைத்துக்கொண்டு கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

அங்கே யாகப்பு வாயைக் கொப்பளித்துக்கொண்டு நின்றார். மார்க்கண்டுவைக் கண்டதும் குசினிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். அம்பிகை உள்ளே இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டு கிட்ட வந்து, அவருடைய தோளில் கையை வைத்து, மெதுவாகச் சொன்னார்:

"மாஸ்ரர், மூலைத் தூணுக்கு ஆழமாக் கிண்டேக்கை, நீங்கள் அம்பிகைத் தங்கச்சிக்குத் தெரியாமல் தாட்டு வைச்ச மற்றக் காசெல்லாம் ஒரு மண்முட்டி நிறைய வந்தது, ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ, ஒருத்தற்றை கண்ணிலையும் படாமல் திருப்பி உள்ளுக்கை வைச்சு, மேலை நல்ல தடிப்பாக் கொங்கிறீற் போட்டு விட்டனான்."